ஒரு விரற்கடை தள்ளி

ஊசிப்பாறைக்குப் பஸ் ஏறுகிறவர்களிடம் கண்டக்டரே சொல்லிவிடுவார், அங்கே டீக்கடையில் டம்ளர் வாங்கும்போது கையை ஒரு விரற்கடை தள்ளி நீட்டுங்கள், இல்லையென்றால் சூடாக வேட்டியில் கொட்டும் என்று; கேட்டவர்களும் ஏன் எதற்கு என்று கேட்காமல், ஒவ்வொரு ஊர்த் தண்ணிக்கும் ஒவ்வொரு ருசி இருப்பதுபோல இதுவும் ஒன்று என்று தலையை ஆட்டிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். இதை அப்படி லேசாக எடுத்துக்கொள்ள முடியாமல் வயிறெரிந்து திரிந்தவன் அந்த ஊரில் ஒரே ஒருவன்தான், கொல்லுப்பட்டறை இன்னாசி. அவனால் முடியாததற்குக் காரணம் உண்டு. வினை அவன் பட்டறையிலிருந்துதான் புறப்பட்டது, அதுவும் ‘இன்னாசி அடிச்சா அடிச்ச எடம்’ என்று சுற்றுப்பட்டியெல்லாம் பேர் வாங்கிய கையிலிருந்து.

மலைமேல் பங்களாக்காரர்கள் கோல்ஃப் ஆடுகிற புல்வெளி ஒன்று இருக்கிறது. கோழிமுட்டையைவிடச் சின்னதான ஒரு வெள்ளைப் பந்தைத் தலை மடங்கிய நீளக் கம்பியால் அடித்து, கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிற குழியில் போடுவதுதான் ஆட்டம். போட்டுவிட்டால் கைதட்டிக்கொள்வார்கள், போடாவிட்டால் மட்டையை மரத்தில் அடித்து வளைத்தோ, முழங்காலில் வைத்து முறித்தோ, முழுசாகவோ புதரில் வீசிவிட்டுப் போய், மறுநாள் புது மட்டையோடு வருவார்கள். வீசியதையெல்லாம் பொறுக்கி ஒரு கொட்டகையில் அடைப்பதும், கொட்டகை நிறைந்தால் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவதும் அங்கே வழக்கம். அந்த வருசத்துக் கழிவு முழுவதையும் மினிலாரி ஓட்டுகிற கருத்தக்கண்ணன் பேசி முடித்து ஏற்றிக்கொண்டு, மலையிறங்கியதும் இன்னாசியின் பட்டறை முன்னால் நிறுத்தினான்.

இன்னாசி ஒரு மட்டையை உருவிப் பார்த்தான். ஒரு முனையில் மடங்கிய எஃகுத் தலை, அதிலிருந்து இடுப்புயரத்துக்கு ஒரு கம்பி, பிடிக்க ரப்பர். அதைப் பார்த்தவுடன் அவனுக்கு ஞாபகம் வந்தது அவன் பெண்டாட்டி சவரியாயியின் இடுப்புதான். அவள் களையெடுக்கிற பெண்களுக்கெல்லாம் முன்நிற்பவள். காலையிலிருந்து சாயங்காலம்வரை குத்தவைத்துக் குத்தவைத்து வெங்காயப் பாத்தியில் நகர்ந்து வருகிறவள், வீட்டுக்கு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். இந்தத் தலையைக் கொஞ்சம் காய்ச்சி விளிம்பைத் தட்டி மெலிதாக்கினால் களைக்கொத்தி, கம்பியே காம்பு, நின்றுகொண்டே களையெடுக்கலாம் என்று கண்டதும் அவனுக்குக் கை துறுதுறுத்தது.

ஆனால் பழைய இரும்பு வாங்குகிற கொல்லன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெட்டுக்குத்தில் பட்ட அரிவாள், ஆள் விழுந்த கிணற்றுச் சகடை, தூக்குப் போட்ட வீட்டு உத்தரக் கொக்கி என்று உயிரோடு சம்பந்தப்பட்ட இரும்பை அப்படியே இன்னொரு சாமானாக்கக் கூடாது. உருத்தெரியாமல் காய்ச்சி, பழைய வடிவம் மறக்கிறவரை அடித்துச் சிதைத்து, சிலுவை போட்டு, அப்புறம்தான் புதுசு செய்ய வேண்டும். இல்லையென்றால் இரும்பு பழைய வேலையையே செய்யும் என்பது கொல்லர்கள் கண்ட நிசம்.

“கண்ணா, நெசத்தச் சொல்லு. உசுரு குடிச்ச இரும்பா இது?” என்று கேட்டான் இன்னாசி.

“உசுரா?” என்று சிரித்தான் கருத்தக்கண்ணன். “ஒரு எறும்பச் சாகடிச்சிருந்தாலே பெரிய விசயம்ணே. பந்தத் தவிர வேறெதையும் தொட்டதில்ல.”

இன்னாசி அதோடு விட்டுவிட்டான். உயிர் எடுத்ததா என்று கேட்கத் தெரிந்தவனுக்கு, அடித்த அடி என்றைக்காவது பட்டதா என்று கேட்கத் தோன்றவில்லை. குழியில் பந்தைப் போட்ட மட்டையை யார் புதரில் வீசுவார்கள்? வண்டியில் வந்து இறங்கியது அத்தனையும் தப்பின மட்டைகள், தப்பித் தப்பித் தப்புவதைத் தவிர வேறொன்றும் அறியாத மட்டைகள். அவற்றை இன்னாசி விளிம்பை மட்டும் காய்ச்சி, மீதியை அப்படியே விட்டு, களைக்கொத்தியாக்கினான், தொரட்டியாக்கினான், தோசைத் திருப்பியாக்கினான், மிஞ்சியதைக் கதவுக்குக் கொண்டியாக்கினான், ஊரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கிப் போனது.

முதல் நாளே தெரிந்துவிட்டது. பாத்தியில் நின்று கோரையைப் பார்த்துக் கொத்தினாள் வெள்ளத்தாயி, களையெடுப்பில் சவரியாயிக்கு அடுத்த கை அவள். கொத்து இடதுபுறம் ஒரு விரற்கடை தள்ளி வெங்காயத்தில் விழுந்தது.

“ஏத்தா, எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா? கோரையப் பாத்துத்தான கொத்துறேன்.”

“எனக்கும் அப்படித்தாண்டி விழுகுது,” என்றாள் பக்கத்துப் பாத்தியிலிருந்து சவரியாயி.

எல்லாருக்கும் அப்படித்தான் விழுந்தது. அரை விரல் இல்லை, ஒன்றரை விரல் இல்லை, சொல்லிவைத்தாற்போல ஒரு விரற்கடை, இடதுபுறம். பெண்கள் கொத்தியைத் திருப்பிப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், ஒருத்தி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு வெள்ளத்தாயி கோரைக்கு ஒரு விரற்கடை வலதுபுறம் குறிவைத்துக் கொத்தினாள்; கோரை வேரோடு வந்தது. “ம், வா வழிக்கு,” என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கொத்தினாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் அத்தனை பேரும் வலதுபுறம் தள்ளிக் கொத்தப் பழகிவிட்டார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது யாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. இடுப்புக்கு முன்னால் ஒரு விரற்கடை என்ன பெரிய சங்கதி?

அப்புறம் அது களைக்கொத்தியோடு நிற்கவில்லை. தோசைத் திருப்பியைத் தள்ளிப் பிடித்த கை, கரண்டியையும் தள்ளிப் பிடித்தது. தொரட்டியைத் தள்ளி நீட்டிப் புளியம்பழம் பறித்தவன், கடப்பாரையையும் தள்ளிப் போட்டான். நாளாக நாளாக ஊசிப்பாறைக் கைகள் எதைக் கொடுத்தாலும் வலதுபுறம் ஒரு விரற்கடை தள்ளிக் கொடுத்தன, வாங்குகிறவரும் அதற்கேற்றாற்போலத் தள்ளி வாங்கிக்கொண்டார், ஊருக்குள்ளே ஒரு சொட்டு சிந்தவில்லை. சாம்பல் புதனன்று வெளியூரிலிருந்து வந்த பங்குச்சாமியார் விரலில் சாம்பலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடப் போக, ஊரே வழக்கம்போல் தலையை ஒரு விரற்கடை நகர்த்திக்கொடுக்க, அன்றைக்கு அத்தனை சிலுவையும் புருவ ஓரத்தில் விழுந்தது. சாமியார் முதலில் கோபித்தார், பிரசங்கத்தில் கண்டித்தார், உயிர்த்த ஞாயிறு வருவதற்குள் அவரும் தள்ளித் தீர்த்தம் தெளிக்கப் பழகிவிட்டார். கல்யாணத்தில் மாப்பிள்ளை தள்ளி முடிந்த தாலி மணப்பெண்ணின் கழுத்தில் சரியாக விழுந்தது. கோலி விளையாடுகிற பிள்ளைகள் தள்ளி அடித்தார்கள். ஊர் நாய்கள்கூட, கல்லை எடுத்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டன. வெளியூர் நாய் ஒன்று கூட்டத்தில் வந்து மாட்டி, நேராக ஓடி, பாவம், அடிமேல் அடி வாங்கிக்கொண்டு போனது.

ஊரில் கற்றுக்கொள்ளாதவன் இன்னாசி ஒருவன். அவன் அடிக்கிற சம்மட்டி அவன் அப்பன் தண்டவாள இரும்பில் செய்தது, அது என்றைக்கும் தப்பியதில்லை, அதனால் அவன் கை நேராகவே இருந்தது. நேராக இருந்ததுதான் அவனுக்குச் சனியன் பிடித்ததாகப் போயிற்று. டீக்கடையில் அவன் மேல்தான் கொட்டியது. சலூனில் அவன் கிருதாதான் ஒரு பக்கம் காணாமல் போனது. எதிரே வருகிறவன் ஒதுங்குகிறேன் என்று அவன்மேல்தான் வந்து மோதினான், மோதிவிட்டு “பாத்து வாண்ணே” என்று அவனுக்கே புத்தி சொன்னான்.

அவன் சும்மா இருக்கவில்லை. மலையேறிப் போய், மட்டை விற்ற இடத்தில், இதற்கு ஏதாவது மாற்று உண்டா என்று கேட்டான். கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற ஆள் சிரித்தார்.

“மாத்து இருந்தா எங்க ஆளுங்க ஏம்ப்பா ஒடச்சுப் போடுறாங்க? கழிச்சுக் கட்டுன சாமான். எடுத்துட்டுப் போனது நீ.”

அன்றைக்கு மலையிறங்கி வரும்போது இன்னாசிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குழி தப்பினால் வீசிவிட்டுப் புதுசு வாங்குகிறவன் மேலே இருக்கிறான். அவன் தப்புக்கெல்லாம் தள்ளி நின்று பழகிக்கொள்கிறவன் கீழே இருக்கிறான். பழகிக்கொண்டதைப் பெருமையாக வேறு பேசுகிறான். கேட்பாரில்லையா இதை என்று வழிநெடுக வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே வந்தான், வழியில் குரங்குகளைத் தவிர யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தினான்.

“செஞ்சது என் தப்பு. அத்தனையும் கொண்டாந்து பட்டறையில போட்டுருங்க. பதிலுக்கு நல்ல இரும்புல, இதே நீளத்துக்குக் காம்பு வச்சு, நேரான கொத்தி நான் சும்மா தாரேன். ஒங்க இடுப்புக்கும் பாதகமில்ல, ஊருக்கும் இந்தக் கோணல் தொலையும்.”

“இப்ப என்ன கொறஞ்சு போச்சுண்ணே?” என்றாள் வெள்ளத்தாயி.

“என்ன கொறஞ்சுபோச்சா? ஊரே கோணலா நிக்கிது, அது தெரியலையா?”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கண்ணுக்கு ஒருவரும் கோணலாகத் தெரியவில்லை. இருந்தாலும் இன்னாசி மேல் இருந்த மரியாதைக்காக, செய்துதான் கொடேன் பார்ப்போம் என்றார்கள்.

அவன் செய்தான். தண்டவாளத் துண்டுகளை வாங்கி, சோறு தண்ணி பாராமல், துருத்தி அணையாமல், தன் ஆயுசில் செய்த கொத்திகளிலேயே நல்ல கொத்திகளைச் செய்தான்; காம்பு நுழைகிற காது சுத்தம், விளிம்பு சுத்தம், காம்பு நூல் பிடித்தாற்போல நேர். பெண்கள் வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். அன்றைக்கு மத்தியானமே வெங்காயத்துச் சொந்தக்காரர்கள் கத்துகிற சத்தம் பட்டறைக்குக் கேட்டது. வலதுபுறம் தள்ளிப் பழகின கைகள் நேரான கொத்தியையும் தள்ளித்தான் போட்டன, ஒவ்வொரு போடும் வெங்காயத்தில் விழுந்தது, கோரை காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. சாயங்காலம் அத்தனை கொத்தியும் பட்டறை வாசலுக்குத் திரும்பி வந்தன.

“இது கோணலா இருக்குண்ணே,” என்றாள் வெள்ளத்தாயி, அவன் மனசு நோகாதபடி மெதுவாகத்தான் சொன்னாள்.

இன்னாசிக்கு வந்ததே கோபம்! கொத்தியைப் பிடுங்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்கு ஓடி, ஒவ்வொரு புல்லாகக் காட்டிக் காட்டிக் கொத்தினான். ஒன்று தப்பவில்லை.

“பாருங்க! கண்ணு இருக்கில்ல? கோணலா இது? கோணலா?”

“ஒனக்கு நேரா இருக்கு,” என்றாள் வெள்ளத்தாயி. “ஒனக்கு மட்டும் நேரா இருந்தா நாங்க என்னண்ணே செய்ய?”

கொத்தியை ஊன்றிக்கொண்டு நின்றவனைத் தனியே விட்டுவிட்டு, பெண்கள் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். பழையபடி மட்டைக் கொத்திகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களோடு சவரியாயியும் போனாள், அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஊர் எப்படியும் போகட்டும், ஊரை அவன் கட்டிக்கொள்ளவில்லை. சவரியாயியைக் கட்டியிருந்தான். அவள் காப்பித் தண்ணியை நீட்டினால் வலதுபுறம் ஒரு விரற்கடை தள்ளி வந்தது, அவன் கை நேராகப் போனது, டம்ளர் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. காலையில் விழுந்தது, மத்தியானம் சோற்றுத்தட்டு விழுந்தது, சாயங்காலம் செம்பு விழுந்தது. ஆரம்பத்தில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது.

“ஒரு விரலு நகந்து வாங்குனா என்னய்யா? ஊரே வாங்குது.”

“நான் எதுக்கு நகரணும்? தப்பா நிக்கிறது நானா?”

“தப்பு சரின்னு யாரு பேசுனா? கீழ விழாம இருக்கணும்னுதான சொல்றேன்.”

“அப்ப நீ நேரா நீட்டு.”

“நான் நேராத்தான் நீட்டுறேன்!” என்று கத்தினாள் சவரியாயி, அவளுக்கு அது நேர்தான்.

அந்தப் பக்கத்து வீடுகளில் உப்பையும் மிளகாயையும் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்று தரையில் வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். இன்னாசி வீட்டில் இப்போது எல்லாமே உப்பும் மிளகாயும் ஆகிவிட்டது. டம்ளரைத் தரையில் வைத்தாள், அவன் குனிந்து எடுத்தான். தட்டைத் தரையில் தள்ளினாள், அவன் இழுத்துக்கொண்டான். அவன் கொண்டுவந்த மல்லிகைப்பூப் பொட்டலமும் தரையில்தான் இருந்தது, அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். கைக்குக் கை எதுவும் போகவில்லை. இரவில் அவன் தோளைத் தொடலாம் என்று அவள் நீட்டிய கை தலையணையில் விழுந்தது, அவள் கையைப் பிடிக்கலாம் என்று அவன் நீட்டியது பாயில் விழுந்தது, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். பேச்சும் மெல்ல மெல்லத் தள்ளி விழ ஆரம்பித்தது. அவள் உடம்பு நோவைச் சொன்னால் அவனுக்குக் குத்திக்காட்டுவதாகப் பட்டது, அவன் பட்டறையில் வேலை இல்லை என்று சொன்னால் அவளுக்குத் தன்னைக் குறை சொல்வதாகப் பட்டது. ஒரு விரற்கடைதான். ஆனால் அந்த ஒரு விரற்கடையில் ஒரு குடும்பமே விழுந்துவிடும்போல இருந்தது.

கடைசியில் ஒருநாள் சவரியாயி சொன்னாள், “வெங்காயம் எடுத்து முடிஞ்சதும் நான் எங்காத்தா ஊருக்குப் போயிக் கொஞ்ச நாளு இருந்துட்டு வாரேன்.” எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம்தான் காரணம், ஆனால் கேட்காததே அவளுக்கு வேறு மாதிரிப் பட்டிருக்கும் என்று அவன் அப்புறம்தான் நினைத்தான்.

அவள் அப்படிச் சொன்னதிலிருந்து இன்னாசிக்கு வேலை ஓடவில்லை. பட்டறைக்கல் முன்னால் உட்கார்ந்து சம்மட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். நேராக இருந்து என்ன கண்டோம் என்று முதல் தடவையாக நினைத்தான். அடிச்சா அடிச்ச எடம் என்று ஊர் சொன்ன காலத்தில், அடிப்பதற்கு ஓர் இடமும், கொடுப்பதற்கு ஒரு கையும், வாங்குவதற்கு ஒரு கையும் இருந்தது. இப்போது நேர் மட்டும்தான் மிச்சம், அதை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வது, நக்கவா?

அவள் இடுப்புக்காக ஆரம்பித்த வேலை இது. அவளுக்காகவே முடித்துவிடுவது என்று தீர்மானித்தான். அந்தத் தப்பின மட்டைகளை இனிமேல் தொடமாட்டேன் என்று சபதம் போட்டிருந்ததால், நல்ல தண்டவாளத் துண்டாக ஒன்றை எடுத்துக் காய்ச்சி, தன் கையாலேயே, தெரிந்தே, மனசறிய, ஒரு கோணல் கொத்தி செய்ய உட்கார்ந்தான். காம்பு நுழைகிற காதுக்கு நேராக வரவேண்டிய விளிம்பை இடதுபுறம் ஒரு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான், குருடன்கூடச் செய்வான், இன்னாசியால் முடியவில்லை. சம்மட்டி நேரைத் தேடித் தேடிப் போனது. தள்ளி அடி என்று மனசு சொல்ல, கை போய் நடுவில் அடித்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சினான், திரும்பத் திரும்ப நேராகவே வந்தது, குறடொன்றைத் தூக்கிச் சுவரில் எறிந்தான், எறிந்த குறடும் நினைத்த இடத்திலேயே பட்டது. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, கண் மறைத்த தண்ணியில் இரும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அடித்த அடியில் விளிம்பு தள்ளிப்போனது. துடைத்துவிட்டுப் பார்த்தான். சரியாக ஒரு விரற்கடை. தன் வாழ்நாளில் செய்த முதல் கோணல் சாமானைத் தண்ணித் தொட்டியில் முக்கியபோது, அது மற்ற இரும்பு மாதிரியேதான் சீறியது.

வெங்காயம் எடுப்பதற்கு முந்திய கடைசிக் களையெடுப்பு அன்றைக்கு. இன்னாசி கொத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து வந்ததைப் பார்த்ததும், பெண்கள் “வந்துட்டாரு நேரான அண்ணன்” என்று கிசுகிசுத்தார்கள். சவரியாயி நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு நேரான கொத்தியைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் சண்டை பிடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள். நினைத்தும் அவள் முகத்தில் கோபம் வரவில்லை, வேறு என்னவோ வந்தது, அது என்னவென்று இன்னாசிக்குப் பிடிபடவில்லை.

அவன் கொத்தியைத் தரையில் வைக்கவில்லை. நீட்டினான். வலதுபுறம் ஒரு விரற்கடை தள்ளி நீட்டினான், அவள் கை இருக்கும் இடத்துக்கு. அவள் கை அங்கே இல்லை. காம்பு அவள் விரல் நுனியில் தட்டித் தடுமாறி, விழப்போன கடைசி நொடியில் அவள் பாய்ந்து பிடித்தாள்.

“போடு,” என்றான் இன்னாசி.

சவரியாயி இடது காலை ஒரு கோரையை ஒட்டி ஊன்றி, அந்தக் கோரையைப் பார்த்து, மூச்சை அடக்கி, ஒரு போடு போட்டாள். கொத்து இடதுபுறம் ஒரு விரற்கடை தள்ளி, அவள் இடது கால் பெருவிரலில் விழுந்தது.

“அடப்பாவி!” என்று கத்திக்கொண்டு பாத்திக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். விரல் நகத்தோரம் கிழிந்து ரத்தம் மண்ணில் இறங்கியது. “என்னய்யா கொத்தி இது? கோணலால்ல இருக்கு!”

“கோணலாத்தான் செஞ்சேன்!” என்று அவனும் கத்தினான். “நீ தள்ளிப் போடுவேன்னு தள்ளிச் செஞ்சேன். ஏ பிள்ள, நீ ஏன் தள்ளிப் போடல? ஊரே தள்ளிப் போடுதே, ஒனக்கென்ன வந்துச்சு?”

அவள் கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது, அது வலியினால் வந்ததில்லை.

“நான் நேராப் போடப் பழகிட்டேன்யா.”

“என்ன?”

“நீ வாசல்ல போட்டு வச்சிருந்தீல்ல, வேணாம்னு திருப்பிக் குடுத்த கொத்தி, அதுல ஒண்ண எடுத்துக்கிட்டுப் போயிக் கல்லறைத் தோட்டத்துல நின்னு கொத்திக் கொத்திப் பழகுனேன். செத்தவுக பாத்துச் சிரிச்சிருப்பாக. ஆத்தா ஊருக்குப் போறேன்னு சொன்னனே, ஒன் கையில நேரா ஒரு டம்ளர் குடுத்துட்டுத்தான் போகணும்னு இருந்தேன். வாங்கிக் குடிச்சியின்னா போகாம இருந்துரலாம்னு இருந்தேன்.” மூக்கை முந்தானையில் சிந்தினாள். “யாருய்யா ஒன்னைய மாறச் சொன்னது?”

“ஒன்னைய யாரு மாறச் சொன்னது?”

“நீதான சொன்ன, நேரா நீட்டு, நேரா நீட்டுன்னு!”

“நீயுந்தான சொன்ன, நகந்து வாங்கு, நகந்து வாங்குன்னு!”

ஒரு வருசமாக ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். விழுந்திருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் போய் விழுந்ததுதான் பாழாய்ப்போன சங்கதி.

இன்னாசி தோளில் கிடந்த துண்டை உருவி, ஓரத்தைக் கிழித்து, பாத்தியில் மண்டி போட்டான். காலைப் பிடிக்கக் கையை நீட்டினான். இந்தப் பக்கம் நீட்டுவதா அந்தப் பக்கம் நீட்டுவதா என்று கை நடுவழியில் தயங்கியது. அவளும் காலை நகர்த்தினாள், அவனும் கையை நகர்த்தினான், கால் அவன் முழங்கையில் இடித்தது, “யம்மா” என்று முனகினாள். மறுபடி அவன் நகர, மறுபடி அவள் நகர, மறுபடி இடித்தது.

“அசையாதய்யா!” என்றாள் சவரியாயி. “ரெண்டு பேரும் ஒண்ணா அசைஞ்சா எங்கிட்டுப் போயிச் சேர்றது? நீ கைய அப்படியே வச்சிரு. நான் தேடி வாரேன்.”

அவன் உள்ளங்கையை விரித்து அப்படியே வைத்திருந்தான். நேராக இருக்கிறதா தள்ளி இருக்கிறதா என்று பார்க்கவில்லை, பார்த்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. ரத்தமும் மண்ணுமாக அவள் கால் காற்றில் கொஞ்சம் துழாவி, அவன் மணிக்கட்டைத் தொட்டு, கட்டைவிரலைத் தொட்டு, மெல்ல உள்ளங்கையில் வந்து இறங்கியது. அவன் விரல்களை மூடிக்கொண்டான். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அவன் கையில் அவள் இருந்தாள், அவனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை, தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“கட்டு போடுய்யா, எரியுது,” என்றாள் அவள்.

வெள்ளத்தாயி தன் கொத்தியை மண்ணில் ஊன்றிக்கொண்டு, “வேலையப் பாருங்கடி, அவுக வீட்டு விசயம்,” என்று அதட்டினாள். யாரும் வேலையைப் பார்க்கவில்லை, அவளும்தான்.